ரோச் ஏரியில் மே மாதம் மீனே மாட்டவில்லை. இந்த வசந்தத்துக்கு எப்படித் திட்டமிடலாம்?

சர்ரேவாசி:
வணக்கம். இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியாவில், சர்ரேயில். ஆற்றில் ஃபிளை ஃபிஷிங் (ஃபிளை எனப்படும், பூச்சி போல் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது) ஓரளவு பழகிவிட்டேன், ஏரி எனக்குப் புதிது. போன மே மாதத் தொடக்கத்தில் காம்லூப்ஸ் பக்கம் ரோச் ஏரிக்குப் போய்த் தங்கினேன். ரெயின்போ ட்ரவுட் என்ற மீனுக்குப் பேர் போன ஏரி. பனி உருகி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அங்கே சொன்னார்கள். இருந்த நாளெல்லாம் ஒரு மீன்கூட மாட்டவில்லை. பக்கத்துப் படகுகளிலும் அநேகமாக அதே கதைதான்.

கவனித்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது காரணம் பிடிபடலாம். தண்ணீர் தேயிலைச் சாயம் போல் கலங்கியிருந்தது. கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. காற்று அடிக்கும் கரையில் நுரை ஒதுங்கியிருந்தது, லேசாக அழுகிய முட்டை வாடையும் வந்தது. நான் வைத்திருந்தது 9 அடி ராட் (தூண்டில் கோல்), 6 வெயிட் (லைனின் கன அளவு), மிதக்கும் லைன், அதன் நுனியில் 9 அடி லீடர் என்ற மெல்லிய இழை. ஊலி பக்கர் என்ற, வால் வைத்த பெரிய ஃபிளையை வீசி வீசி இழுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் மே மாதப் பிற்பாதியில் விக்டோரியா தினம் வரும் வாரம் லீவு கிடைத்திருக்கிறது. என் மகளும் வருகிறாள், வயது 11. 12 அடி அலுமினியப் படகும் மின்சார மோட்டாரும் இருக்கின்றன. திரும்பவும் ரோச்சுக்கே போகலாமா, வேறு ஏரி பார்க்கலாமா? தூண்டில் அமைப்பில் என்ன மாற்ற வேண்டும்? ரிசார்ட் அறை இப்போதே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது என்கிறார்கள், அதனால்தான் அவசரம்.

மீன்கொத்தி:
தம்பி, நீங்கள் சொன்ன நுரை, வாடை, கறுப்புப் பொடி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெளிவு. ஏரி புரண்டுகொண்டிருந்த நேரத்தில் போயிருக்கிறீர்கள். இங்கே டர்ன்ஓவர் என்பார்கள்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியில் 0 டிகிரியை ஒட்டிய நீர் மேலேயும், 4 டிகிரி நீர் அடியிலும் நிற்கும். பனி உருகி மேல்நீரும் சூடேறி 4 டிகிரிக்கு வந்துவிட்டால் மேலும் கீழும் ஒரே கனம். அப்போது நல்ல காற்று அடித்தால் ஏரி முழுவதும் கலங்கிவிடும். மாதக்கணக்கில் அடியில் கிடந்த, ஆக்சிஜன் தீர்ந்துபோன நீர் மேலே வரும். செடிகொடி அழுகி உண்டான ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூடவே வரும், நீங்கள் முகர்ந்த வாடை அதுதான். அந்த நேரத்தில் மீனுக்கு மூச்சு விடுவதே பாடு, தீனி பற்றிய நினைப்பே இருக்காது. எந்த ஃபிளை போட்டாலும் பலன் இல்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ போனால் காற்றும் வெயிலும் சேர்ந்து சரியாக்கிவிடும்.

இன்னொன்று. பனி விலகிய முதல் சில நாட்கள், புரளுவதற்கு முன்னால், மீன் கரையோரம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் ஆழத்தில் பசியோடு சுற்றும். அது அருமையான நேரம். நீங்கள் போனது அதற்கும் பிந்தி, தெளிவதற்கும் முந்தி.

சர்ரேவாசி:
மிக்க நன்றி அண்ணா. இப்போதுதான் புரிகிறது. ஆனால் பனி எப்போது உருகும் என்பது ஒவ்வொரு வருடமும் மாறுமே? லீவு தேதியை நான் மாற்ற முடியாது. அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

மீன்கொத்தி:
தேதியை மாற்ற முடியாவிட்டால் உயரத்தை மாற்றுங்கள். காம்லூப்ஸைச் சுற்றி உள்ள பெரிய வசதியே இதுதான். ஊர் பள்ளத்தாக்கில் கிடக்கிறது, சுற்றி ஒவ்வொரு உயரத்திலும் ஏரிகள். பால் (Paul) ஏரி, ஜாக்கோ ஏரி போன்ற உயரம் குறைந்தவை முதலில் பனி விலகித் தெளிந்துவிடும். 1,100 மீட்டருக்கு மேலே உள்ள ரோச், டங்க்வா ஏரிகள் அதற்குப் பிறகு. லாக் லெ ஜூன் இன்னும் உயரம், இன்னும் தாமதம். கீழே ஒரு ஏரி தெளிந்து மீன் நன்றாகப் பிடிபடும் நாளில் மேலே இன்னொன்று புரண்டுகொண்டிருக்கும்.

அதனால் ஏரிக்கரை ரிசார்ட்டில் வாரம் முழுக்க அறை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காம்லூப்ஸ் ஊருக்குள்ளேயே தங்குங்கள். படகு டிரெய்லரில் தயாராக இருக்கட்டும். காலையில் எந்த ஏரி என்று முடிவு செய்யலாம். ஒரே ஏரியில் பணத்தைக் கட்டிவிட்டால் அது கலங்கிக் கிடந்தாலும் விட்டு வர மனம் வராது.

ஏரிக்குப் போனதும் ராடைத் தொடுவதற்கு முன் தண்ணீர் வெப்பத்தைப் பாருங்கள். ஒரு சாதாரண வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, சின்ன ஈயக்குண்டு சேர்த்து இறக்கினால் போதும். மேலே ஒரு தடவை, மூன்று மீட்டரில் ஒரு தடவை. இறக்கியதும் உடனே தூக்காமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், தூக்கும்போது வேகமாகத் தூக்கிப் படியுங்கள். இரண்டும் 5, 6 டிகிரியில் ஒன்றாக இருந்து தண்ணீரும் கலங்கியிருந்தால் அங்கே தூண்டில் போட வேண்டாம், வேறு ஏரிக்குக் கிளம்புங்கள். மேல்நீர் 10 டிகிரியைத் தாண்டி, நங்கூரக் கயிறு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆழம் தெளிவாக இருந்தால் அங்கேயே இருங்கள்.

நிக்கோலாக்காரன்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் டங்க்வாவைச் சொல்வேன். ஆழம் குறைந்த ஏரி, அதனால் புரண்டாலும் சீக்கிரம் தெளிந்துவிடும். விக்டோரியா தின வாரத்துக்கு அநேகமாகப் பூச்சி கிளம்பத் தொடங்கியிருக்கும். பக்கத்திலேயே லெய்டன் ஏரி இருக்கிறது, ஒன்று சரியில்லையென்றால் மற்றது.

மீன்கொத்தி:
டங்க்வா நல்ல ஏரிதான், மறுக்கவில்லை. ஆனால் திறந்த வெளி, மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் அலை பெரிதாகிவிடும். 12 அடி படகில் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே நடுவில் நங்கூரம் போட எனக்கு மனம் வராது. அந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று யோசியுங்கள், விழுந்தால் சில நிமிடங்களில் கைகால் மரத்துவிடும். காலையில் போய் மதியத்துக்குள் கரையேறுவதாக இருந்தால் சரி. ரோச் பார்க்குக்குள்ளேயே ஃப்ரிஸ்கன், ஜான் ஃப்ராங்க், ஹார்ஸ்ஷூ, ட்யூலிப் என்று சின்ன ஏரிகள் உண்டு. சின்ன ஏரியில் காற்றின் தொல்லை குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கலாம், அந்தந்த ஏரியின் பெயரைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

நிக்கோலாக்காரன்:
குழந்தை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு காலைப் பொழுதாவது டங்க்வாவுக்குக் கொடுங்கள்.

தக்கை:
தூண்டில் அமைப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தத்தில் இந்த ஏரிகளில் ட்ரவுட் பெரும்பாலும் தின்பது கைரானமிட் என்ற பூச்சியைத்தான். பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. நம் ஊரில் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் ரத்தப்புழு இந்தக் குடும்பத்தின் புழுதான். சேற்றில் வளர்ந்து, கூட்டுப்புழுவாக மாறி, மெல்ல மெல்ல மேலே மிதந்து வரும். அப்படி வரும்போதுதான் மீன் அசையாமல் நின்று ஒவ்வொன்றாக உறிஞ்சும். ஊலி பக்கரை வேகமாக இழுத்தால் அந்த நேரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதற்கு மிதக்கும் லைனே போதும். லீடரை மட்டும் நீளமாக்க வேண்டும், ஆழத்தைப் பொறுத்து 15 முதல் 20 அடி. நுனிப் பகுதி 5 அல்லது 6 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் இழை. ஃபிளை 12 முதல் 16 வரையான அளவு, கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளிக் கம்பியும் சுற்றியது, தலையில் வெள்ளை மணி. லீடரில் ஒரு தக்கை. தக்கை சாதாரணமாக இறுகிப் பிடிப்பதாக இருக்கக் கூடாது, மீன் இழுத்ததும் பூட்டு விட்டு லைனில் வழுக்கி இறங்கும் வகை வேண்டும். 9 அடி ராடை வைத்துக்கொண்டு 18 அடியில் பொருத்திய தக்கையோடு மீனை வலைக்குக் கொண்டுவர முடியாது.

முக்கியமானது ஆழம். ஃபிளை அடிமண்ணிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் மேலே நிற்க வேண்டும். அளக்க ஒரு வழி இருக்கிறது. மீன் வாயிலிருந்து முள் எடுக்கும் இடுக்கியை ஃபிளையில் கவ்வவிட்டுப் படகு ஓரமாக இறக்குங்கள். கனம் மண்ணைத் தொட்டதும் லைன் தளரும். அந்த இடத்தில் தண்ணீர் மட்டத்துக்கு நேராகத் தக்கையைப் பிடித்து, அங்கிருந்து ஒரு முழம் ஃபிளை பக்கமாக நகர்த்திப் பூட்டுங்கள். இடுக்கியை எடுத்துவிட்டு வீசுங்கள். அடுத்த படகில் மீனாக மாட்டி உங்களுக்கு மாட்டவில்லையென்றால் ஃபிளை நிறத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தை ஒரு சாண் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பலரும் ஃபிளைப் பெட்டியைக் கிளறியே நேரத்தைக் கழிக்கிறார்கள்.

படகுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நங்கூரம் கட்டாயம். ஒன்றே போட்டால் படகு காற்றில் இப்படியும் அப்படியும் ஆடும், ஃபிளையும் கூடவே இழுபடும். தக்கை முழுதாக மூழ்கும் என்று காத்திருக்க வேண்டாம். லேசாக நடுங்கினாலும், சாய்ந்தாலும், ராடைத் தூக்குங்கள்.

பூச்சி கிளம்புகிறதா என்று தெரிய வானத்தைப் பாருங்கள். தகைவிலான் குருவிகள் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தால் அங்கே பூச்சி இருக்கிறது. தண்ணீர் மேலே பூச்சி விட்டுப்போன வெற்றுக் கூடுகள் மிதக்கும். ஒன்றை உள்ளங்கையில் எடுத்து உங்கள் ஃபிளை பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். கூட்டின் நிறத்தை நம்ப வேண்டாம், அது வெறும் தோல்.

சர்ரேவாசி:
தக்கை அண்ணா, அந்த இடுக்கி விஷயம் ஒன்றுக்கே நன்றி சொல்ல வேண்டும். பெரிய மீன் சில கரையோரம் கறுத்துப்போய் நின்றதைப் போன வருடம் பார்த்தேன். அவை நோயுற்றவையா?

மீன்கொத்தி:
நோய் இல்லை தம்பி. ரெயின்போ வசந்தத்தில் முட்டையிடும் மீன். இந்த ஏரிகள் பலவற்றில் மீன்குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள், முட்டையிட ஓடை இல்லாவிட்டாலும் பருவம் வந்த மீன் கரையோரம் வந்து நிற்கும். அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள், மாட்டினாலும் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து விடுங்கள். சமைத்தாலும் அந்தச் சதை நன்றாக இருக்காது. பளபளவென்று வெள்ளியாக இருப்பதுதான் தின்றுகொண்டிருக்கும் மீன்.

எந்த ஏரியில் எந்த ரகம் விட்டார்கள் என்பது மாகாண மீன்வளச் சங்கத்தின் பட்டியலில் இருக்கும். பென்னாஸ்க் ரகம் பூச்சி தின்னும், மாட்டினால் துள்ளும். பிளாக்வாட்டர் ரகம் கரையோரமாகச் சுற்றி, சின்ன மீனையும் விடாது. ட்ரிப்ளாய்டு என்று போட்டிருந்தால் முட்டையிடாத மீன், அதன் தீனி முழுவதும் உடம்பு வளரவே போகும். கூட்டிப் போவது குழந்தையை என்பதால் பிளாக்வாட்டர் விட்ட ஏரி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:
காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். மீன்பிடி உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான், போன வருடத்தது செல்லாது. இந்த மாகாணத்தில் வசிக்கும் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உரிமம் தேவையில்லை. மின்சார மோட்டாராக இருந்தாலும் படகு ஓட்டுநர் அட்டை வேண்டும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, மகளுக்கு அவள் அளவில். சில ஏரிகளில் தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டும் கூர் இருக்கக் கூடாது, பல ஏரிகளில் உயிர் இரைக்குத் தடை. மாகாண மீன்பிடி விதிகளில், காம்லூப்ஸ் அடங்கும் மூன்றாவது மண்டல அட்டவணையைப் பாருங்கள்.

படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டுத்தான் சாலையில் ஏற்ற வேண்டும். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் திட்டம் என்பதால் ஓர் ஏரியின் உயிரினம் இன்னொன்றுக்குப் பரவாதபடி ஒவ்வொரு முறையும் படகைக் கழுவி, வடித்து, காயவிடுங்கள். வழியில் படகுச் சோதனை நிலையம் திறந்திருந்தால் நிற்பது கட்டாயம். நீங்கள் வரும் வழியில் உள்ள கோக்கஹாலா மலை நெடுஞ்சாலையில் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் விதி உண்டு, உங்கள் வாரத்துக்கு அது பிரச்சினையில்லை. ஆனால் மலை உச்சியில் மே மாதத்திலும் பனி விழலாம், கிளம்பும் அன்று சாலை நிலவரம் பாருங்கள்.

சர்ரேவாசி:
எல்லோருக்கும் நன்றி. காம்லூப்ஸ் ஊருக்குள் அறை போட்டுவிட்டேன். முதல் நாள் பால் அல்லது ஜாக்கோ, பிறகு வெப்பமானி சொல்வதைப் பார்த்து ரோச் பக்கத்துச் சின்ன ஏரிகள், காற்று இல்லாத ஒரு காலையில் டங்க்வா. ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. 18 அடி லீடரைத் தக்கையோடு வீச எனக்கே சிக்கலாகிறது, மகளால் எப்படி முடியும்?

தக்கை:
அவள் வீசவே வேண்டாம். 6 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் போட்டு, அவளுக்கு வேகமாக மூழ்கும் லைன் போட்ட ராடைக் கொடுங்கள். லீடர் 4 அடி போதும், தக்கை இல்லை. இடுக்கியைக் கவ்வவிட்டு அடிவரை இறக்கி, ஒரு முழம் மேலே சுருட்டி, லைன் நேர்குத்தாகத் தொங்கும் நிலையில் ரீல் அருகே லைனில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பிறகு இடுக்கியை எடுத்துவிட்டு, அந்தக் கோடு வரும் வரை அவளே லைனை விடுவாள். ஒரு நிமிடம் சும்மா வைத்திருந்து, பிறகு விரலால் மிக மெல்லச் சுருட்டி மேலே கொண்டுவரட்டும், படகை நெருங்கும் வரை. பல மீன்கள் பாதி வழியில்தான் கொத்தும்.

ராடை மட்டும் படகு விளிம்பில் சாய்த்து வைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள். லைன் நேராகத் தொங்குவதால் கொத்து முழு வேகத்தில் கையில் வரும், விட்டால் ராடே தண்ணீருக்குள் போய்விடும். லைன் வாங்கும்போது டைப் 6 அல்லது டைப் 7 என்று கேளுங்கள், அது மூழ்கும் வேகத்தைக் குறிக்கும் எண். 6 வெயிட்டில் வாங்கினால் உங்கள் ராடுக்கே பொருந்தும்.