முப்பது குண்டுக்குப் பிறகு ஏர் ரைஃபிள் ஸ்கோப்பின் ஜீரோ இறங்கிவிடுகிறது: காரணம் என்ன?

வணக்கம். ஊர் மன்னார்குடி பக்கம். தோப்பில் தென்னை வரிசைக்கு நடுவே, ஆற்று மணல் நிரப்பிய நெல் சாக்குகளை அடுக்கி, காகித இலக்கு ஒட்டிப் பயிற்சி செய்கிறேன். துப்பாக்கி .177 ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் சுடுவது), குழலை மடக்கும் ஸ்பிரிங் வகை. ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) 3-9×40, அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும்; மில்-டாட், அதாவது குறுக்குக்கோட்டில் சம இடைவெளியில் புள்ளிகள் உள்ள வகை. குண்டின் எடை 8.4 கிரெய்ன்.

20 மீட்டரில் ஜீரோ செய்தேன், அதாவது குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தேன். காலையில் முதல் பத்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். 40 மீட்டரில் குறுக்குக்கோட்டுக்குக் கீழே முதல் புள்ளியை வைத்தால் சரியாகப் படும். முப்பது குண்டு தாண்டியதும் இரண்டு தூரத்திலுமே கீழே இறங்குகிறது. 40 மீட்டரில் 3 செ.மீ. மூன்று வாரமாக இதே கதை.

மவுன்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்திருக்கும் தாங்கி) நகர்கிறதா என்று பார்க்க, அது மாட்டியிருக்கும் ரெயிலோடு சேர்த்து நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டேன். ஒரு மி.மீ. பின்னால் போயிருந்தது. மவுன்ட் பின்னால் நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் போட்டேன், இப்போது கோடு அசையவில்லை. ஆனாலும் குண்டு இறங்குகிறது! வளைய ஸ்க்ரூ, குழல் மடங்கும் இடத்து ஸ்க்ரூ, கட்டை ஸ்க்ரூ எல்லாம் இறுக்கியாயிற்று. புள்ளிகளின் இடைவெளி இலக்கில் குறிக்கும் தூரம் உருப்பெருக்கத்தோடு மாறும் என்பதால் 9×-இலேயே வைத்திருக்கிறேன், மாற்றுவதே இல்லை. குண்டு டப்பாவும் மாற்றிப் பார்த்தேன்.

சந்தேகம் ஒன்றுதான். குழல் லேசாகக் கீழ்நோக்கி இருப்பதால், ஜீரோ கிடைக்க மேல் டர்ரெட்டை (குறியை மேலே கீழே மாற்றும் திருகு) மேல்நோக்கிக் கிட்டத்தட்ட கடைசி வரை திருப்ப வேண்டியிருந்தது. அதனால் ஸ்கோப்புக்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அதிர்வில் நகருமோ?

இதே வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: பின்பக்கம் உயரமான மவுன்ட் போட்டால் இது தீருமா, ஸ்கோப்பையே மாற்ற வேண்டுமா?