பொங்கல் முடிந்து ஒரு நாள் பாரிமுனை: 8,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

ஏரிக்கரைத் தையல் கேட்கிறார்:

ஜனவரி முதல் தேதியில் புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிறவர்களின் வீட்டில் மார்கழிக் கோலம் போட வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த நாட்கள் விடியற்காலைக் கோலம், போகிக்கு முன் ஒட்டடை, பரண், பிறகு நாத்தனார் குடும்பம் என்று கரைந்துவிடும். காணும் பொங்கலுக்கு வந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் எனக்கு ஆண்டு பிறக்கும். நேற்று மாலை பிறந்துவிட்டது.

இன்று தை அமாவாசை, எங்கும் நகர முடியாது. நாளை திங்கட்கிழமை செங்கல்பட்டில் ரயிலேறிப் பட்டணம் போகிறேன், தனியாக. கையில் 8,000 ரூபாய். அண்ணன் கொடுத்த பொங்கல் சீர் 5,000. மீதி என் சிறுவாட்டுப் பணம். வீட்டுக்காரர் பணம் இதில் ஒரு ரூபாய்கூட இல்லை. எனவே யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்களைத் தவிர.

இந்த ஆண்டு ரவிக்கை தைப்பதைத் தொழிலாகச் செய்யப் போகிறேன். இதுவரை அக்கம்பக்கத்தாருக்கு ஆசைக்குத் தைத்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாகக் கொழுக்கட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். தை முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் கூலி உண்டு என்று சொல்லியும்விட்டேன். ஒருத்தி முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை. வரவு செலவை அன்றன்றே எழுத வேண்டும் என்பது இன்னொன்று. கைபேசியைப் பார்க்கும் நேரத்தில் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் உண்டு. நந்தனத்தில் புத்தகக் காட்சி இன்னும் சில நாட்கள் நடக்கிறதாம்.

வீட்டில் இருப்பது மாமியாரின் கால் மிஷின். நன்றாகவே ஓடுகிறது. அதற்கு மோட்டார் மாட்டுவதா, துணி ஓரம் பிசிறாமல் அடிக்கும் சின்ன ஓவர்லாக் மிஷினுக்கு இந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பதா, இரண்டையும் விட்டு லைனிங், நூல், கொக்கி என்று சரக்காக வாங்குவதா? மகள் மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். இரவு ஒன்பதுக்கு மேல் மிஷின் சத்தம் கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். தி.நகரில் எனக்கு ஒரு சேலை எடுக்கும் ஆசையும் இருக்கிறது. ஆரிப் பூவேலைக்குத் துணியை இழுத்துக் கட்டும் சட்டம் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

வண்ணை வடக்கு:

சகோதரி, பாரிமுனை, தி.நகர் இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். கால் மிஷின் மிதிக்கக் கால் மிஞ்சாது.

கடற்கரை நிலையத்தில் இறங்கி, பர்மா பஜாரைத் திரும்பிப் பார்க்காமல் கடந்து, என்.எஸ்.சி. போஸ் சாலைக்குள் நுழையுங்கள். துணிக்குக் கோடவுன் தெரு. லேஸ், குஞ்சலம், பார்டர் வகைகளுக்குச் சவுகார்பேட்டை நாராயண முதலி தெரு. காலை ஒன்பது மணிக்கே போய் நின்றால் ஷட்டரைத்தான் பார்ப்பீர்கள்; பதினொரு மணிக்கு மேல்தான் தெரு விழிக்கும். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடிக் கிடக்கும், எனவே திங்கள் நல்ல நாள். பொங்கலுக்கு ஊருக்குப் போன கடைப் பையன்கள் பாதிப் பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். சில கடைகளில் முதலாளியே துணியை எடுத்துப் போடுவார். விலை பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஒன்று மட்டும். மொத்தக் கடையில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வெட்டித் தர மாட்டார்கள். "சில்லறை உண்டா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் படியேறுங்கள். கிளம்பும் முன் ஒரு முறுக்கு சாண்ட்விச் சாப்பிடுங்கள். சவுகார்பேட்டைக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போவதை நான் மன்னிக்க மாட்டேன்.

ஊசிமுனை, கும்பகோணம்:

தங்கச்சி, ஓவர்லாக் இப்போது வேண்டாம். லைனிங் வைத்த ரவிக்கையில் பிசிறு விடுகிற இடம் பக்கத் தையலும் கை சேருமிடமும்தான். ஓவர்லாக் வைத்திருக்கும் கடையில் கொடுத்தால் சில ரூபாயில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆர்டர் பெருகட்டும், பிறகு மிஷின் தானே வரும்.

மோட்டாரும் காத்திருக்கலாம். கல்யாண ரவிக்கையில் நேரத்தை விழுங்குவது வெட்டுவதும், கொக்கி கட்டுவதும், கைத்தையலும். மோட்டார் அவற்றில் ஒரு நிமிடம்கூட மிச்சப்படுத்தாது. மகள் தேர்வு முடிந்து சித்திரையில் மாட்டிக்கொள். செம்புக் கம்பி சுற்றிய மோட்டாரா என்று கேட்டு வாங்கு.

முதல் செலவு கத்தரிக்கோல். நல்ல கனமான, பத்து அங்குலக் கத்தரி. வாங்கி வந்த அன்றே மகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடு. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அட்டை வெட்ட அதைத்தான் தேடும். காகிதம் வெட்டிய கத்தரி பிறகு பட்டுத் துணியை மெல்லும்.

ஊசியில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கான்வாஸ் சேர்ந்து மடிப்பு தடிக்கும் இடத்துக்கு 16. முனை மழுங்கினால் பட்டில் இழையை இழுத்துவிடும். கல்யாண வீட்டுப் பட்டில் இழை போனால் உறவே போய்விடும்.

லைனிங் பருத்தியாக வாங்கு. நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்டு. நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கும், மேல் துணி அப்படியே நிற்கும், முதுகு முழுவதும் சுருக்கம் விழும். நிறங்களில் கருப்பு, வெள்ளை, சந்தனம், அரக்கு இந்த நான்கும் கைவசம் இருக்கட்டும். மயில்கழுத்து, ராமர் பச்சை எல்லாம் கடைக்குக் கடை சாயல் மாறும். துணி வந்த பிறகு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டிலேயே தேடு. மொத்தமாக வாங்கி அடுக்கினால் உன் சிறுவாட்டுப் பணம் அலமாரியில் தூங்கும்.

அளவு நோட்டும் கணக்கு நோட்டும் தனித்தனியாக இருக்கட்டும். அளவு எழுதிய பக்கத்திலேயே துணியின் சின்னத் துண்டை ஒட்டு, கொடுக்க வேண்டிய தேதியை எழுது. லைனிங் விலை தனி, கூலி தனி என்று தைக்கத் துணி வாங்கும்போதே சொல்லிவிடு. முகம் சுருங்கியவளிடம் இரண்டு தடவை சொல்.

ஆரிச் சட்டம் கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கம் பார்.

மூன்றாம் அலமாரி:

புத்தகக் காட்சி வேலை நாட்களில் பிற்பகலில்தான் திறக்கும். எனவே துணிக்கடைகளை முடித்துக்கொண்டு, உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் ரயில் மாறாமல் நந்தனம். வாசிப்புப் பழக்கம் விட்டுப் போனவர் தடித்த நாவலில் தொடங்க வேண்டாம், சிறுகதைத் தொகுப்புகள் வாங்குங்கள். பாபின் சுற்றுகிற நேரத்தில்கூடக் கதை நகரும். பத்து சதவீதக் கழிவு உண்டு. வீடு திரும்ப மெட்ரோவில் கிண்டிவரை வந்து, பக்கத்திலேயே செங்கல்பட்டு மின்சார ரயிலைப் பிடிக்கலாம். துணி மூட்டையுடன் ஆறு மணிக்கு மேல் ஏற முயன்றால் கூட்டம் உங்களைக் கேட்காமலே உள்ளே தள்ளிவிடும், ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள்.

மாம்பலம் மாமி:

எல்லோரும் சொன்னது சரி. ஆனால் அண்ணன் கொடுத்த சீர்ப் பணத்தில் கொக்கியும் லைனிங்குமா வாங்குவது? அடுத்த பொங்கலுக்கு வந்து "என்ன எடுத்தாய்?" என்று கேட்டால் பாபின் பெட்டியையா காட்டுவீர்கள்? ஒரு சேலை எடுங்கள். விலை குறைந்ததாக இருந்தாலும் சரி.

ஏரிக்கரைத் தையல்:

மாமி சொன்னதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு வேறு கவலை. சீர்ப் பணத்தில் கத்தரி வாங்கினால் உறவை வெட்டியதுபோல் ஆகுமாம், கூடவே கூடாதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அண்ணன் விஷயத்தில் எதற்கு வம்பு? எனவே கத்தரி, ஊசி, கொக்கி சிறுவாட்டில். சேலை சீரில், அதுவும் 1,200 ரூபாய்க்குள், செங்கல்பட்டில், வேறொரு நாள். லைனிங்கும் நூலும் இரண்டு சிறுகதைத் தொகுப்பும் சீரின் மிச்சத்தில். நூல் வாங்கினால் உறவு கூடும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். மீதியை மோட்டாருக்கு என்று தபால் நிலையக் கணக்கில் போட்டுவிடுவேன்.

ஊசிமுனை அக்கா, பத்து அங்குலம் என் கைக்குப் பெரிதாக இருக்காதா? இப்போது வைத்திருப்பது எட்டு. அதிலேயே கட்டை விரல் காய்த்துப்போகிறது.

ஊசிமுனை, கும்பகோணம்:

எட்டிலேயே காய்க்கிறதா? நீ இடது கைக்காரியா?

ஏரிக்கரைத் தையல்:

ஆமாம்.

ஊசிமுனை, கும்பகோணம்:

முதலிலேயே சொல்லக் கூடாதா? இடது கைக் கத்தரி என்று தனியாகக் கேட்டு வாங்கு. மற்றதில் கைப்பிடி விரலை அறுக்கும், மேல் அலகு சாக்பீஸ் கோட்டை மறைக்கும், நீ குத்துமதிப்பாக வெட்டுவாய். தையல் பொருள் விற்கும் கடைகளில் விசாரி, ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்தது. கடையிலேயே ஒரு துண்டுத் துணியை நான்காக மடித்து, நுனிவரை வெட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு.