மறு: இன்ட்ராவைட்டல் மைக்ராஸ்கோப்பி – 'உயிர்த்திசு நுண்ணோக்கியியல்' போதுமா?

வணக்கம்.

> 'உயிர்த்திசு நுண்ணோக்கியியல்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. இன்ட்ராவைட்டல் மைக்ராஸ்கோப்பி என்பது உயிரோடு இருக்கும் விலங்கின் உடலுக்குள்ளேயே திசுவை நுண்ணோக்கியால் பார்ப்பது. வெட்டியெடுத்த நிணநீர் முடிச்சை ஊட்டக் கரைசலில் போட்டு வைத்தாலும் சில மணி நேரம் அது உயிர்த்திசுதான். ரத்தம் மட்டும் ஓடாது. பாக்டீரியா புகுந்த இடத்தில் அழற்சி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க ரத்த ஓட்டம் வேண்டும். நியூட்ரோஃபில்கள் (கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணுக்கள்) ரத்த நாளத்தின் உட்சுவரில் உருண்டு, ஒட்டி, பிதுங்கி வெளியே வருவதுதான் காட்சியே. 1867-இல் ஜெர்மன் நோயியலாளர் கோன்ஹைம் தவளைக் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை விரித்துப் பார்த்ததும் இதைத்தான். தவளைக்கு உயிர் இருந்ததால் பார்க்க முடிந்தது. ஆகவே 'உயிருடல் நுண்ணோக்கல்' என்பதற்கே என் ஓட்டு. 'இயல்' வேண்டாம், இங்கே பேச்சு செயலைப் பற்றியது. இலங்கையில் திசுவை இழையம் என்பார்கள். 'உயிருடல்' என்றால் அந்தச் சிக்கலும் இல்லை.

அடுத்து, பல நுண்ணோக்கு நுட்பங்களைச் சேர்த்து ஒரே இடத்தைப் பார்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அதற்குக் 'கூட்டு நுண்ணோக்கல்' சரிவராது. கூட்டு நுண்ணோக்கி என்றால் பொருளருகு வில்லையும் கண்ணருகு வில்லையும் கொண்ட பள்ளிக்கூடக் கருவிதான் நினைவுக்கு வரும். 'பன்முறை' என்றால் பல தடவை ஆகிவிடும்.

தவிர, இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்திய சுண்டெலிக் காதுமடலை எடுத்துக்கொள்வோம். 900 நானோமீட்டர் லேசர் துடிப்புகளைப் பாய்ச்சினால், நியூட்ரோஃபில்களில் ஏற்றிய ஒளிர்புரதம் இரண்டு ஃபோட்டான்களை ஒருசேர விழுங்கிப் பச்சையாக ஒளிரும். அதே கற்றை திசுவைத் தாங்கும் கொலாஜன் புரத இழைகளில் பட்டு, சாயமே இல்லாமல், சரிபாதி அலைநீளத்தில் (450) நீலமாக வெளிவரும். இதற்குப் பெயர் இரண்டாம் சீரிசை (செகண்ட் ஹார்மோனிக்). ஒரே நேரத்தில், ஒரே கற்றையால் கிடைக்கும் இந்த இரட்டைப் படத்துக்குப் 'பல்வழி நுண்ணோக்கல்' பொருந்தும்.

அப்புறம் அதே இடத்தைப் பதப்படுத்தி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடிப்பிடித்து, பாக்டீரியா நியூட்ரோஃபிலுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியிலா என்று பார்ப்பது வேறு. அங்கே உயிர் போய்விட்டது; இரு படங்களையும் இடம் தப்பாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதே பெரும்பாடு. அதைப் 'பொருத்து நுண்ணோக்கல்' எனலாம்.

'பொருத்து' கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது. விக்சனரியில் ஏற்றுவதற்குள் இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.