புதுப்பிப்பு: 90 நாளில் 10 கிலோ என்று சொன்னேனே, என்ன ஆச்சு?

மூன்று மாதம் முன்பு "90 நாளில் 10 கிலோ குறைப்பேன், மனசு வைத்தால் முடியாததா" என்று எழுதியிருந்தேன். குறைந்தது 3 கிலோ, அவ்வளவுதான். ஆனால் அன்று இரண்டு மாடி ஏறவே மூச்சு வாங்கிய நான் இப்போது நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், மெதுவாகத்தான், வேகமாக நடப்பவர்களே சில நேரம் முந்திவிடுகிறார்கள், இருந்தாலும் ஓட்டம் ஓட்டம்தானே.

நான்காவது வாரம் எடை அசையவே இல்லை, விட்டுவிடலாம் என்றே இருந்தேன். அப்போதுதான் உங்களில் ஒருவர் பதிலில் சொன்னது உறைத்தது: எடை உங்கள் கையில் இல்லை, நடக்கும் நிமிடங்கள் உங்கள் கையில். சரி என்று இலக்கையே மாற்றினேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி; அதை ஐந்து நாளாகப் பிரித்து, "பல் தேய்த்ததும் ஷூ மாட்டுவேன், மழை என்றால் வீட்டுக்குள்ளேயே ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி)" என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவைத்தேன். மழை நாளில் யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

நேர்மறை எண்ணம் உதவியதா என்று கேட்டிருந்தீர்கள். ஒல்லியான என்னைக் கற்பனை செய்தது சுகமாக இருந்தது, அன்றைக்கெல்லாம் ஷூவைத் தொடவே இல்லை என்பது வேறு விஷயம். உதவியது, நடுவில் காய்ச்சலால் ஒரு வாரம் போனபோது "எல்லாம் போச்சு" என்று நினைக்காமல் திரும்பப் போனதுதான். ஒரு வாரம் போனால் என்ன, பழக்கம் படியவே நாளாகும்: லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில் ஒரு பழக்கம் படியச் சராசரியாக 66 நாள் ஆனதாம், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை.

அடுத்தது வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. தண்டால் இப்போதைக்கு 4, சிரிக்காதீர்கள்.