மறுமொழி: டிஃபிப்ரிலேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஒரு ஏ.இ.டி. கருவி (இதயம் செயலற்று விழுந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர்) வாங்கி, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. பெட்டியின்மேல் தமிழில் பெயர் எழுதித் தரும் வேலை, தமிழ் படித்தவன் என்ற குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது. போன வாரம் இங்கே கேட்டேன், சொற்கள் குவிந்துவிட்டன. இடறியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் 'துடிப்புநீக்கி'. முன்மொழிந்த ஐயா பொறுத்தருள வேண்டும். துடிப்பை நீக்கினால் ஆள் போய்விடுவார். அதற்கு ஒரு கருவியா? துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்வதுதான் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் கீழறைத் தசையின் நார்கள் ஒவ்வொன்றும் தன்போக்கில் சுருங்குகின்றன, அறை ஒன்றாகச் சுருங்குவதில்லை, இரத்தம் வெளியேறுவதில்லை. திறந்த நெஞ்சில் இதைப் பார்த்த மருத்துவர்கள் புழுக்கள் நிறைந்த பை போல என்பார்கள். லத்தீனில் ஃபிப்ரில்லா என்றால் சிறு நார். ஆக, மூலச் சொல்லும் கண்ணால் கண்டதிலிருந்து பிறந்ததுதான். நாமும் அப்படியே கண்டு பெயர் வைத்தால் 'நெளிவுநீக்கி' வரும். பொருள் கச்சிதம், ஆனால் பாத்திரக் கடை நினைவுக்கு வருகிறது.

'விதிர்ப்புநீக்கி' என்று எழுதிய அம்மாவுக்குத் தனி வணக்கம். திருவாசகத்தின் 'விதிர்விதிர்த்து' இருக்கும்போது சொல் பஞ்சம் ஏது? ஆனால் பக்கத்தில் ஒருவர் சரிந்து கிடக்கும்போது விதிர்ப்பு என்றால் என்னவென்று யாரும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

'உதறல்நீக்கி' எனக்குப் பிடித்திருக்கிறது. உதறல் எடுப்பது என்றால் நம் வழக்கில் பயம்தான். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் பெட்டியைத் திறந்துவிடக்கூடும். இருந்தாலும் பாடநூலுக்கு இதுவே போதும். மேலறை உதறல், கீழறை உதறல் என்று இரண்டுக்கும் பொருந்துகிறது. இலங்கை நண்பர்கள் சோணையறை உதறல், இதயவறை உதறல் என்று தங்கள் வழக்கில் எழுதிக்கொள்ளலாம். 'படபடப்பு' என்று வைத்திருந்தால் இது முடியாது. நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் ஆள் நினைவோடு நம்மிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் கடுமையாக எதிர்ப்பது 'உயிர்ப்பி', 'இதய இயக்கி' ஆகிய இரண்டையும். திரைப்படங்கள் செய்த வேலை இது. கோடு நேராகப் போகும், மருத்துவர் மின்சாரம் பாய்ச்சுவார், கோடு துள்ளும். உண்மையில் நேர்கோடு ஓடும் இதயத்துக்கு ஏ.இ.டி. அதிர்ச்சி கொடுக்காது. மின்னதிர்ச்சியின் வேலை இயக்குவதன்று, அடக்குவது. ஒழுங்கற்ற மின்னோட்டம் மொத்தமும் ஒரு கணம் அடங்கினால், இதயத்தின் சொந்தத் தாளக்காரனான சைனஸ் கணு மறுபடி தாளத்தைக் கையில் எடுக்க வழி பிறக்கிறது. சந்தைக்கூச்சலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவதைப் போல.

'மாரடைப்புக் கருவி' எல்லோருக்கும் புரியும் என்று மூவர் எழுதினீர்கள். புரியும், தவறாக. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நெஞ்சுவலியோடு வியர்த்து உட்கார்ந்திருப்பவருக்கு 108ஐ அழைக்க வேண்டும். இந்தப் பெட்டி, இதயம் செயலற்று நினைவிழந்து விழுந்தவருக்கு. மாரடைப்பு இதில் கொண்டுபோய் விடலாம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதி எழுதிக் குழப்பியது போதும்.

1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக் ஒரு 14 வயதுச் சிறுவனின் திறந்த நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றியபோது கருவிக்கு என்ன பெயர் இருந்தாலும் கவலையில்லை. அறுவை அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியும். 1960களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் சுமார் 70 கிலோ எடையுள்ள கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றியபோதும் அது மருத்துவர் கையில்தான் இருந்தது. இப்போது லிஃப்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதனால் இரண்டு பெயர் கேட்கிறேன்: நூலுக்கு 'உதறல்நீக்கி', சுவருக்கு 'இதய மீட்புப் பெட்டி'. 'தானியங்கி' வேண்டாம். அது இருந்தால் பெட்டியே எல்லாம் செய்யும் என்று கைகட்டி நின்றுவிடுவார்கள்.

அன்புடன்.

*

ஐயா, வணக்கம். அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு வரி.

உதறல்நீக்கிக்கு என் ஓட்டு. ஆனால் லிஃப்டுக்குப் பக்கத்தில் 'மீட்புப் பெட்டி' என்று எழுதினால், லிஃப்டில் மாட்டிக்கொண்டவரை மீட்கத்தான் என்று நினைக்க மாட்டார்களா?

அதைவிடப் பெரிய குறை: பெயர்ச்சொல்லையே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வேண்டியது வினைச்சொல். நெஞ்சை அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. பெட்டி வரும்வரை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். 'அதிர்ச்சி தேவையில்லை' என்று கருவி சொன்னால் ஆள் தேறிவிட்டார் என்று எண்ணிக் கையை எடுத்துவிடுகிறார்கள். அவர் மூச்சுவிட்டு அசையாதவரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, விக்கி விக்கி வரும் மூச்சை மூச்சென்று எண்ண வேண்டாம்.

*

அம்மா, லிஃப்டு எனக்குத் தோன்றவே இல்லை. தோற்றேன்; 'மீட்பு' போகட்டும். பெயிண்டரிடம் இப்படிக் கொடுக்கிறேன், பிழையிருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்:

இதய மின் முதலுதவி
அழைத்தால் அசைவில்லையா? மூச்சு சீராக இல்லையா?
108ஐ அழையுங்கள். நெஞ்சை அழுத்துங்கள். இதைத் திறந்து, அது சொல்வதைச் செய்யுங்கள்.

இரவுக் காவலாளி ஒடிசாக்காரர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அவருக்காகப் பச்சை நிறத்தில் இதயமும் நடுவே மின்னலும் வரைந்த குறியைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை பெட்டியைத் திறந்து காட்டவும் வேண்டும்.