பாலிமர் கூட்டக் கூட்ட கிளாரிஃபையர் தண்ணீர் மோசமாகிறது, யாராவது உதவுங்கள்

கூழ்க்காரன்:
வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு சின்ன கிராஃப்ட் பேப்பர் (பழுப்புக் காகிதம்) மில்லில் இடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு, பார்க்கிறேன். மூலப்பொருள் முழுக்கப் பழைய அட்டைதான், நாளைக்கு 40 டன் ஓடும். கசடு படியவைக்கும் தொட்டியான கிளாரிஃபையருக்கு மணிக்கு 60 கனமீட்டர் கழிவுநீர் வருகிறது. முதலில் ஆலம் (அலுமினியம் சல்பேட்), அப்புறம் துகள்களைச் சேர்த்துக் கட்டும் பாலிமர், அதாவது ஆனயானிக் (எதிர்மின்னூட்ட) பாலிஅக்ரிலமைடு, 1.5 பிபிஎம் (லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்). இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

மூன்று வாரமாக மேலே வழிகிற தண்ணீரில் நார் வருகிறது. கசடு கட்டி கட்டியாக மிதக்கிறது. பாலிமரை 4 பிபிஎம் வரை ஏற்றிப் பார்த்தேன். தண்ணீர் தெளியவில்லை, கசடைப் பிழிகிற ஃபில்டர் பிரஸ் துணிதான் வழவழப்பாக அடைத்துக்கொண்டது. பாலிமர் சரக்கு மட்டம் என்று சந்தேகப்படுகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது?

நீர்க்கணக்கு:
சரக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் கரைக்கிற விதத்தைச் சொல்லுங்கள். 1000 லிட்டருக்கு எத்தனை கிலோ? தூவிப் போடுகிறார்களா, மூட்டையோடு கவிழ்க்கிறார்களா? டேங்கில் ஜவ்வரிசி மாதிரி உருண்டை தெரிந்தால் அவ்வளவும் வீண்தான். ஸ்டிரரும் மெதுவாகச் சுற்ற வேண்டும். இந்த மூலக்கூறு ஒரு கோடி, ஒன்றரைக் கோடி எடை கொண்ட நீளமான நூல். வேகமாக அடித்தாலோ சென்ட்ரிஃப்யூகல் பம்பில் தள்ளினாலோ அறுந்துவிடும், அப்புறம் அதனால் எதையும் சேர்த்துக் கட்ட முடியாது.

கூழ்க்காரன்:
1000 லிட்டருக்கு 1 கிலோ, தூவித்தான் போடுகிறோம். ஒரு மணி நேரம் ஊறும். சென்ட்ரிஃப்யூகல் இல்லை, மெதுவாகத் தள்ளும் ஸ்க்ரூ பம்ப். உருண்டை இல்லை, கையில் தொட்டால் நூல் இழுக்கிறது.

நீர்க்கணக்கு:
அப்போது கரைசலில் குற்றமில்லை. உங்கள் கணக்குப்படி 1.5 பிபிஎம் என்றால் மணிக்கு 90 லிட்டர் கரைசல், 4 என்றால் 240. அது மிக அதிகம். துகள் பிடித்தது போக மிச்சமுள்ள பாலிமர் தண்ணீரிலேயே நின்றுவிடும், துணி வழவழப்பதற்கு அதுதான் காரணம். நாளைக்கே ஜார் டெஸ்ட் போடுங்கள். ஆலத்தை ஒரே அளவில் வைத்து, பாலிமரை 0.5, 1, 1.5, 2, 3, 4 என்று ஆறு பீக்கரில் விடுங்கள். ஒரு நிமிடம் வேகம், பத்து நிமிடம் மெதுவாக, பிறகு அப்படியே விட்டுவிடுங்கள்.

கூழ்க்காரன்:
போட்டேன் சார். விசித்திரமாக இருக்கிறது. 1 பிபிஎம் பீக்கரில் பத்தே நிமிடத்தில் அழகாக உட்கார்ந்தது, மேல் தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. 4 பிபிஎம்மில் கலங்கலாகவே நின்றது. பீக்கர்களைக் கழுவாமல் சாப்பிடப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், உட்கார்ந்த கசடு மொத்தமாக மேலே வந்து மிதக்கிறது. அடியில் சின்னச் சின்னக் குமிழி.

பழைய ஷிப்ட் இன்சார்ஜ்:
தம்பி, நீங்கள் பீக்கரைக் கழுவாமல் போனதுதான் நல்லதாயிற்று. அது பாலிமர் கோளாறே இல்லை. கசடு புளித்து, வாயு கிளம்பி, நாரைத் தூக்குகிறது. இட்லி மாவு பொங்குகிற அதே சங்கதி. பிஹெச் எவ்வளவு? வாடை எப்படி? மிஷின் பக்கம் மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டார்ச்சில் ஏதாவது மாற்றினார்களா?

கூழ்க்காரன்:
பிஹெச் முன்பு 7 இருக்கும், இப்போது 5.8. புளிச்ச வாடைதான் அண்ணா, கோடை என்று நினைத்துவிட்டேன். மிஷின் ஃபோர்மேனிடம் கேட்டேன். 20 பிஎஃப் (காகிதம் வெடிக்காமல் அழுத்தம் தாங்கும் அளவு) ஆர்டர் வந்திருக்கிறது, வலுவுக்கு ஸ்டார்ச் வேண்டும். கேட்டயானிக் ஸ்டார்ச் விலை அதிகம் என்று, சேலத்திலிருந்து சாதாரண மரவள்ளி மாவு இறக்கி, காய்ச்சி, கூழிலேயே கலக்கிறார்கள். டன்னுக்கு 10 கிலோ. எனக்கு யாரும் சொல்லவில்லை.

பழைய ஷிப்ட் இன்சார்ஜ்:
எந்த மில்லிலும் இடிபிக்காரனிடம் சொல்ல மாட்டார்கள், அதை விடுங்கள்.

விஷயம் இதுதான். தண்ணீரில் நாருக்கு எதிர்மின்னூட்டம். கேட்டயானிக் ஸ்டார்ச்சில் நேர்மின்னூட்டம் ஏற்றியிருப்பதால் நாரோடு ஒட்டி, காகிதத்தோடு வெளியே போய்விடும். சாதாரண மாவுக்குப் பெரிதாக மின்னூட்டம் கிடையாது. காய்ச்சிக் கரைத்து ஊற்றினால் பெரும்பகுதி வயர் (காகிதம் படிகிற சல்லடை) வழியாக பேக் வாட்டரில், அதாவது கூழிலிருந்து வடிகிற தண்ணீரில், இறங்கிவிடும். நாளைக்கு 400 கிலோ போடுகிறீர்கள். பாதி தங்கவில்லை என்றாலும் 200 கிலோ மாவு தண்ணீரில். ஒரு கிலோ மாவை முழுதாக எரிக்க ஏறக்குறைய 1.2 கிலோ ஆக்சிஜன் வேண்டும், சிஓடி (தண்ணீரிலுள்ள கழிவை எரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பாலிமர் மிதக்கும் துகளைப் பிடிக்கும், கரைந்துபோன மாவைப் பிடிக்காது.

உறுதி செய்ய அயோடின் போதும். பேக் வாட்டரை வடிகட்டி, ஆறவைத்து, மருந்துக்கடை அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். பழைய அட்டையிலேயே கொஞ்சம் ஸ்டார்ச் இருக்கும், அதனால் லேசான நீலம் எப்போதும் வரும். மாவு போடாத நேரத்துத் தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எடுத்த உடனே பாருங்கள், வைத்திருந்தால் பாக்டீரியா மாவைத் தின்று நிறம் மங்கிவிடும்.

கிணற்றடி:
இடையில் ஒரு சந்தேகம். இதே பாலிமர் பொடியை எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டியில் கலங்கல் போகப் போடலாமா? மில்லில் ஒரு மூட்டை தருகிறேன் என்கிறார்கள்.

நீர்க்கணக்கு:
வேண்டவே வேண்டாம். பாலிமர் தனியாகப் பெரிய ஆபத்தில்லை, ஆனால் அதில் மிச்சமிருக்கும் அக்ரிலமைடு நரம்பைப் பாதிக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். குடிநீருக்கென்று தனித் தரம் இருக்கிறது, மில் மூட்டை அது இல்லை. வீட்டுப் பானை அளவுக்கு என்றால் தேத்தாங்கொட்டையை உரசி விட்டால் மண் கலங்கல் இறங்கும், ஆனால் கிருமி சாகாது, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பொடி தரையில் கொட்டினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஆளைச் சறுக்கித் தள்ளிவிடும். முதலில் கூட்டி அள்ளுங்கள்.

கூழ்க்காரன்:
அயோடின் பார்த்தேன் அண்ணா. மாவு நிறுத்திய நேரத்துத் தண்ணீர் சாம்பல் கலந்த நீலம். மாவு ஓடும்போது எடுத்தது மசி மாதிரி! பாட்டிலை முதலாளி மேஜையிலேயே வைத்துவிட்டேன். அன்றைக்கே மாவை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

பழைய ஷிப்ட் இன்சார்ஜ்:
நல்லது. பாலிமரை 1 பிபிஎம்முக்கு இறக்குங்கள். கசடை அடியில் தேங்க விடாதீர்கள், கொஞ்ச நாளைக்கு விடாமல் இழுங்கள். கேட்டயானிக் வந்ததும் 90, 95 டிகிரியில் முழுதாகக் காய்ச்சிக் கெட்டிக் கூழிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், நாரைப் பிடிக்க அதற்கு நேரம் வேண்டும். பழைய அட்டைத் தண்ணீரில் எதிர்மின் குப்பை நிறைய இருக்கும். ஸ்டார்ச்சுக்கு முன்னால் ஆலமோ பிஏசியோ (பாலிஅலுமினியம் குளோரைடு) போகாவிட்டால் விலை கொடுத்து வாங்கிய ஸ்டார்ச்சைக் குப்பைதான் தின்னும்.

கூழ்க்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிஹெச் 6.8. கசடு மிதப்பது நின்றுவிட்டது. பாலிமர் 1.2 பிபிஎம்மில் ஓடுகிறது. பிரஸ் துணி இரண்டை மாற்ற வேண்டியதாயிற்று. 20 பிஎஃப் இன்னும் சரியாக வரவில்லை, அது ஃபோர்மேன் தலைவலி. மிச்சம் 30 மூட்டை மரவள்ளி மாவு குடோனில் கிடக்கிறது, என்ன செய்வது என்று முதலாளி என்னைத்தான் கேட்கிறார்.

பழைய ஷிப்ட் இன்சார்ஜ்:
பக்கத்தில் அட்டைப்பெட்டி போடுகிறவர் யாராவது இருப்பாரே? காஸ்டிக்கும் போராக்ஸும் சேர்த்து அவர்கள் பசை காய்ச்சுவது சாதாரண மாவில்தான். ஈரம் ஏறுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.