பைக் ஜக்கெட் ஆமர் (விழுந்தால் அடியைத் தாங்க உள்ளே வைக்கும் மெத்தை) மாற்றியவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தை_125:
போன ஞாயிறு மரைன் டிரைவ். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓட்டோ ஒன்று சிக்னல் போடாமல் திரும்பியது, முன் பிரேக்கைப் பிடித்தேன், அவ்வளவுதான். விழுந்த கதையை எழுத வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

ஆஸ்பத்திரியில் தாதி ஜக்கெட் கையை மெதுவாக இழுத்துக் கழற்றினார். முழங்கையில் இருக்கவேண்டிய ஆமர் சுற்றிப்போய்க் கையின் உள்பக்கம் நின்றது. ஒன்பது தையல் போட்ட இடம் வெளிப்பக்கம். தாதி அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, காசு ஒளிச்சு வைக்கிற இடமோ?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து முதுகுப் பொக்கட்டைத் திறந்தேன். டிவி பெட்டிக்குள் வருமே, அந்த ஸ்பொஞ்ச். இரண்டு விரலால் மடிக்கலாம். மூன்று வருடம் இதை நம்பியா ஓடினேன்? மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

தெமட்டகொட_ரைடர்:
எனக்கு முழங்கால். லெவல் 2 ஆமர் (லெவல் 1ஐவிட அடியைக் கூடத் தாங்கும் தரம்), புதுசு, காசு கொடுத்து வாங்கியது. நின்று பார்த்தால் சரியாக முழங்கால் சில்லில் இருக்கும். பைக்கில் ஏறி உட்கார்ந்தால் களிசான் மேலே ஏறி, ஆமர் தொடைக்குப் போய்விடும். பஞ்சிகாவத்தையில் கடை முன்னால் பைக்கை நிறுத்தும்போது கால் வழுக்கி நடைபாதை விளிம்பில் முட்டிபோட்டேன். வேகம் பூச்சியம். ஆனாலும் ஒரு கிழமை நொண்டினேன்.

பக்கத்துத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அளவு நாடாவை எடுக்கவே இல்லை. "பைக்கில ஏறி இருங்கோ" என்றார். ஹேண்டிலைப் பிடித்தபடி நான் நடுரோட்டில் உட்கார்ந்திருக்க, அவர் குந்தி இருந்து சோக்கால் கோடு போட்டார். பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அவர் திரும்பியும் பார்க்கவில்லை. பொக்கட்டை மூன்று விரல் அளவு கீழே இறக்கித் தைத்தார். நின்றால் இப்போது கோமாளி மாதிரித்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் சரி.

பொரளைப்_பையன்:
எல்லாரும் சும்மா பயப்படுத்துகிறீர்கள். காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் 20க்கு மேல் யார் ஓடுகிறான்? இந்த வெக்கையில் தோள், கை எல்லாம் கழற்றிவிட்டேன். பஸ் கண்ணாடி ஒருமுறை தோளில் தட்டியது, ஒரு கிழமை நீலம், பிறகு மாறிவிட்டது. முதுகு மட்டும் வைத்திருக்கிறேன், லெவல் 1. அடி விழுந்தால் உள்ளே போகிற விசைக்கு அதில் வரம்பு 18 கிலோநியூட்டன். நீங்கள் பெருமையாகச் சொல்லும் லெவல் 2 முழங்காலுக்கு 20. அப்போ எது திறம்?

கொட்டாஞ்சேனை_அண்ணை:
பொரளைத் தம்பி, கணக்குப் பிழை. இரண்டிலும் 50 ஜூல் அடி கொடுத்து, ஆமரைத் தாண்டி எவ்வளவு விசை உள்ளே போகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் ஐரோப்பியத் தரத்தில் கை காலுக்கு EN 1621-1, முதுகுக்கு EN 1621-2. அடிக்கிற இரும்பின் வடிவமே வேறு. கை காலில் லெவல் 1க்குச் சராசரி 35, லெவல் 2க்கு 20. முதுகில் 18, 9. ஒன்றை மற்றதோடு ஒப்பிட ஏலாது. அத்தோடு நீலம் மாறியது தோள் நல்ல தோள் என்பதால். ஆமரைக் கழற்றியதால் இல்லை.

நான் விழுந்தது ஒரே தரம். கொழும்பு ஆமர் வீதியில், ஆமர் இல்லாமல். சிரிக்க வேண்டாம்.

வெள்ளவத்தைத் தம்பிக்குச் சில விஷயம். வாங்கமுதல் பழையதைக் கழற்றிக் கடதாசியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். பொக்கட்டைவிடச் சின்னது வாங்கினால் உள்ளே நீச்சலடிக்கும். பெரிதாக இருக்கிறதென்று கத்தரிக்கோலால் வெட்டவும் வேண்டாம். ஆமரிலேயே மோட்டார் சைக்கிள் படமும் எழுத்தும் அச்சடித்திருக்கும்: தோளுக்கு எஸ், முழங்கைக்கு ஈ, முழங்காலுக்கு கே, முதுகுக்கு பி. டீ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 40 பாகை சூட்டிலும் சோதித்தது. நமக்கு அது முக்கியம், மென்மையான ரகங்கள் வெயிலில் இன்னும் இளகும். கழித்தல் குறி குளிருக்கு, நுவரெலியாக்காரர் பார்க்கட்டும். ஓட்டை போட்டது காற்றுக்கு நல்லது. ஜக்கெட்டைத் தோய்க்கும்போது ஆமரை வெளியே எடுங்கள். பைக் சீட்டில் வெயிலில் விரித்துவிட்டுப் போகாதீர்கள். பலமான அடி வாங்கியதைத் திரும்பப் போடாதீர்கள். அப்புறம், டயரையும் பாருங்கள், மழையில் முன் பிரேக் பிடித்து விழுந்தால் முதலில் பார்க்கவேண்டியது…

வெள்ளவத்தை_125:
அண்ணை, டயர் போன மாதம்தான் மாற்றியது. முதுகுக்குச் சொன்னபடி பார்க்கிறேன், அந்த ஸ்பொஞ்சை அம்மா ஏற்கெனவே பாத்திரம் கழுவ எடுத்துவிட்டார்.

ஆனால் கையில் இருந்தது ஸ்பொஞ்ச் இல்லை. இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன், படம், ஈ, 1 எல்லாம் இருக்கிறது. ஜக்கெட் கைதான் அகலம். நல்ல கையைப் போட்டு ஹேண்டில் பிடிப்பதுபோல மடித்துப் பார்த்தால், ஆமரை ஒற்றை விரலால் உள்பக்கம் தள்ள முடிகிறது. லெவல் 2 போட்டாலும் அதுவும் சுற்றத்தான் போகிறது.

தெமட்டகொட, அந்தத் தையல்காரர் ஜக்கெட் கையை ஒடுக்கித் தைத்துத் தருவாரா?

தெமட்டகொட_ரைடர்:
தருவார். பைக்கோடு போங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வேண்டாம், பஸ்காரன்களோடு சண்டை வரும்.